கூடிப் பாடக் கோயில் எழுப்பிய அம்மையார்
பெங்களூர் நாகரத்தினம்மாள் வாழ்வும் தொண்டும்

இறைவனை வழிபடும் நெறிகள் பலவாகும். மலரிட்டு அருச்சிப்பாரும், மௌனமாய் இருந்து தியானிப்பாரும், பாதயாத்திரை சென்று நேர்த்திக்கடன் செலுத்துவாரும் உளர். இவற்றை ஒருவர் தனித்தும் செய்யலாம். ஆனால், பலர் ஒருங்கே கூடிப் பாடும் வழிபாட்டிற்குத் தனியொரு சிறப்பு உண்டு. அடுத்திருப்பவரின் குரலுக்குச் செவி கொடுக்காதவர் அவ்வழிபாட்டில் கலந்துகொள்ள இயலாது. தம் குரலை மட்டும் உயர்த்துபவர் சுருதியைக் கெடுப்பார்; தம் விருப்பம்போல் விரைபவர் தாளத்தைக் கெடுப்பார். நான் என்னும் முனைப்பு அடங்கினாலன்றிக் கூட்டுப் பாடல் நிறைவு பெறுவதில்லை. ஆணவம் அடங்குதலே வழிபாட்டின் பயன் எனச் சமயச் சான்றோர் கூறுவர். அப்பயனைச் சிறு குழந்தைக்கும் எளிதில் அளிப்பது கூடிப் பாடும் நெறியாகும்.

இந்நெறி நம் கோயில்களுக்குப் புதியதன்று. திருஞானசம்பந்தர் அடியார் திருக்கூட்டத்தோடு ஊர்தோறும் சென்று பதிகம் பாடினார். அவருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணரும், அவர்தம் துணைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் சென்று இசை வளர்த்தனர். ஆண்டாள் அருளிய திருப்பாவை தோழியரை எழுப்பி, ஒன்றாய் அழைத்துச் செல்லும் பாவனையிலேயே அமைந்துள்ளது. முதலாம் இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக இசைக்கருவி வாசிப்போர் இருவரையும் நியமித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகின்றது.

இத்தகைய பழம்பெரும் மரபுடைய சோழநாட்டிலேயே, ஒரு மகானின் சந்நிதியில் பெண்கள் பாடக்கூடாது என்று தடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அத்தடையை வசைமொழியாலன்றித் தொண்டினால் வென்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆவார். அவர்தம் வரலாறு கூடிப் பாடுதலின் மேன்மையை நன்கு விளக்குவதாகும்.

பிறப்பும் கல்வியும்

கர்நாடக மாநிலத்தில் கபினி ஆற்றங்கரையில் அமைந்துள்ள திருத்தலம் நஞ்சன்கூடு. நஞ்சுண்டேசுவரர் எழுந்தருளியிருக்கும் அத்தலத்தில் 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள் நாகரத்தினம் பிறந்தார். தாயார் பெயர் புட்டலட்சுமி. தேவதாசி மரபில் வந்த அத்தாயார் கணவரின் ஆதரவின்றி, வறுமையினிடையே மகளை வளர்த்தார்.

தம் மகள் கல்வியிலும் கலையிலும் சிறந்து விளங்க வேண்டும் என்பதே அத்தாயாரின் ஒரே வேட்கையாய் இருந்தது. மைசூரில் கிரிபட்ட திம்மய்யா என்னும் அறிஞரிடம் சிறுமி வடமொழி பயின்றார். நாளடைவில் அவ்வாசிரியரின் ஆதரவு இல்லாது போயிற்று. தாயார் மனந்தளராது மகளை அழைத்துக்கொண்டு மைசூரை விட்டு வெளியேறினார். மகள் தேர்ச்சி பெற்ற பின்னரே அந்நகருக்குத் திரும்புவது என்னும் உறுதி அவர் உள்ளத்தில் இருந்தது.

பெங்களூரில் முனுசாமப்பா என்பவரிடம் நாகரத்தினம் இசை கற்றார். தியாகராஜ சுவாமிகளின் மாணாக்கர் பரம்பரைகளுள் ஒன்றாகிய வாலாஜாபேட்டைப் பரம்பரையைச் சார்ந்தவர் முனுசாமப்பா. ஆகவே, பின்னாளில் எந்த மகானுக்குத் தம் வாழ்வையே காணிக்கையாக்கினாரோ, அந்த மகானின் கீர்த்தனைகளை இளமையிலேயே குரு பரம்பரை வழியாகப் பெறும் பேறு அவருக்கு வாய்த்தது. கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றில் புலமையும், ஆங்கிலத்தில் பழக்கமும், நாட்டியத்தில் தேர்ச்சியும் பெற்றார். தாயார் கண்ட கனவு முழுமையாய் நிறைவேறுமுன்பே அவர் இறையடி சேர்ந்தது நாகரத்தினத்திற்குப் பெருந்துயராயிற்று.

சென்னையில் பெற்ற சிறப்பு

பின்னர் அம்மையார் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தில் கருநாடக இசைக்குச் சென்னையே தலைமையிடமாய் வளர்ந்து வந்தது. அம்மையாரின் கம்பீரமான குரலும், பாடலின் பொருளுணர்ந்து பாடும் திறனும் இரசிகர்களைக் கவர்ந்தன. சபைகளிலும் திருமண இல்லங்களிலும் கச்சேரிகள் பெருகின. இசைத்தட்டுகளும் வெளிவந்தன. வித்யாசுந்தரி என்னும் பட்டம் அவர் பெயரோடு சேர்ந்து வழங்கலாயிற்று. தம் சொந்த உழைப்பினாலேயே, வருமான வரி செலுத்தும் அளவிற்குச் செல்வம் ஈட்டிய பெண்மணி அவர்.

அம்மையாரின் புலமைக்கும் துணிவுக்கும் மற்றொரு சான்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் காலத்தில் வாழ்ந்த முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர், கண்ணனையும் இராதையையும் பாடிய தெலுங்குக் காவியம் ராதிகா சாந்துவனமு. அதன் முன்னைய பதிப்பு குறைபட்டிருந்ததையும், ஆசிரியர் ஒரு பெண் என்பதாலேயே அந்நூல் இகழப்பட்டதையும் கண்ட அம்மையார், ஏட்டுச்சுவடியைத் தேடிப்பெற்று 1910ஆம் ஆண்டில் முழுநூலையும் பதிப்பித்தார். சிருங்காரச் சுவை மிக்கது என்னும் காரணத்தால் ஆங்கில அரசு அந்நூலைத் தடை செய்தது. நாடு விடுதலை பெறும் காலத்திலேயே அத்தடை நீங்கிற்று. பெண்ணின் குரல் என்பதற்காக ஒரு குரல் அடக்கப்படுவதை அம்மையார் முதன்முதலில் எதிர்கொண்டது இந்நூலின் வழியேயாகும்.

கேட்பாரற்றுக் கிடந்த சமாதி

திருவாரூரில் 1767ஆம் ஆண்டு பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் 1847ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சித்தியடைந்தார். அரசவை தரும் செல்வத்தை நாடாமல், உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தவர் அவர். மாணாக்கர் சூழத் தெருக்களில் இராமநாமம் பாடிச் செல்வதும், அன்பர் இடும் அரிசியைக் கொண்டு அடியார்க்கும் தமக்கும் அமுது அமைப்பதும் அவர்தம் அன்றாட வழக்கம். பசனையில் எல்லோரும் கலந்து பாடுதற்கென்றே எளிய மெட்டில் திவ்யநாமக் கீர்த்தனைகளையும், இறைவனைத் துயிலெழுப்புவது முதல் ஊஞ்சலாட்டிப் பள்ளி கொள்விப்பது வரையிலான உபசாரங்களுக்கென உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளையும் அவர் இயற்றினார். பெரும் வித்துவான்கள் விரித்துப் பாடும் கீர்த்தனைகளைச் செய்த அதே மகான், இசைப்பயிற்சி இல்லாதவரும் வாய்விட்டுப் பாட வழிசெய்தார் என்பது கருதத்தக்கது.

சுவாமிகளின் பூதவுடல் காவிரிக்கரையில் அடக்கம் செய்யப்பெற்று, அவ்விடத்தில் சிறிய பிருந்தாவனம் அமைக்கப்பட்டது. காலப்போக்கில் அவ்விடம் கவனிப்பாரற்றுப் போயிற்று. 1903ஆம் ஆண்டளவில் அவர்தம் மாணாக்கர்களாகிய உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் முதுமையிலும் முயன்று அதனைச் செப்பனிட்டனர். பின்னர்த் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர்தம் சகோதரர் பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினர். ஆனால், விரைவிலேயே கருத்து வேற்றுமை தோன்றிப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரு பிரிவுகள் ஏற்பட்டன. ஒரே மகானுக்கு இரண்டு ஆராதனைகள்! இசையால் ஒன்றுபட வேண்டிய இடத்தில் இசைவாணரே பிரிந்து நின்றனர். விழா நாள் தவிர ஏனைய நாள்களில் சமாதியைப் பேணுவாரும் இல்லை.

1921ஆம் ஆண்டில், மைசூர் இசைமேதை பிடாரம் கிருஷ்ணப்பா சமாதியின் சீர்கேட்டைக் கண்டு மனம் வருந்தி, அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். அம்மையாருக்கு அப்போது வயது 40ஐக் கடந்திருந்தது. பொருளும் புகழும் நிறைந்திருந்த காலம் அது. கடிதம் கண்டதும் அவர் திருவையாற்றுக்கு விரைந்தார். முள்ளும் புதரும் மண்டி, தூய்மையின்றிக் கிடந்த இடத்தைக் கண்டு உள்ளம் உருகினார். தமக்குச் சோறும் பேரும் அளித்த கீர்த்தனைகளை அருளிய மகானின் இடம் இவ்வாறு கிடப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை.

திருப்பணி

அம்மையார் பிறரிடம் நன்கொடை வரும்வரை காத்திருக்கவில்லை. சமாதியைச் சூழ்ந்திருந்த நிலத்தை உரியவர்களிடமிருந்து பெறுவதற்கு முயன்றார். நகைகளை விற்றார், தம் சேமிப்பைச் செலவிட்டார். கச்சேரிகளில் வரும் வருவாயும் கல்லும் சுண்ணாம்புமாக மாறியது. 1921ஆம் ஆண்டின் இறுதியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. சுவாமிகளின் திருவுருவச் சிலை வடிக்கப்பட்டுச் சமாதியின்மேல் கோயில் எழுந்தது. 1926ஆம் ஆண்டு சனவரித் திங்களில் குடமுழுக்கு நடைபெற்றது. நாள்தோறும் பூசை நிகழவும் அம்மையார் ஏற்பாடு செய்தார்.

தேவதாசி மரபினர் மீது சமுதாயம் இழிவு சுமத்தியிருந்த காலம் அது. ஒரு தலைமுறைக்கு முன்பு எம்மரபினர் கோயில்களில் ஆடியும் பாடியும் இறைப்பணி செய்தனரோ, அம்மரபினரைக் கண்டு ஒதுங்குவோர் பெருகியிருந்தனர். பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது. அவ்வழக்கத்தின் தீமைகள் வேறு. அம்மரபில் பிறந்த பெண்களின் கலையும் பக்தியும் வேறு என்பதைத் தம் வாழ்வாலேயே அம்மையார் காட்டினார்.

கோயில் கட்டியவருக்கும் பாட இடமில்லை

கோயில் எழுந்தது, ஆராதனையும் சிறந்தது. ஆனால், கோயிலைக் கட்டிய அம்மையார் அச்சந்நிதியில் ஆராதனையின்போது பாட விரும்பியபோது, இரு கட்சியினரும் இணங்கவில்லை. பெண்கள் பாடுவது வழக்கமில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். ஒன்றிலும் ஒத்துப்போகாத இரு பிரிவினரும் இதில் மட்டும் ஒத்துப்போயினர்.

இந்நிலையில் சாதாரண மனிதர் என்ன செய்திருப்பர்? தம் பொருளால் எழுந்த கோயிலின் கதவை அடைத்திருக்கலாம். நிலம் தம்முடையது என்று வழக்காடி, மற்றவரை வெளியேற்றவும் முனைந்திருக்கலாம். அம்மையார் அவ்வாறு எவரது வழிபாட்டையும் தடுக்க எண்ணவில்லை. தாம் தடுக்கப்பட்டதன் துயரை அறிந்தவர், பிறரைத் தடுக்கும் செயலில் இறங்கவில்லை. ஆயினும், தம் உரிமையைக் கைவிட்டு ஒதுங்கவும் இல்லை.

1927ஆம் ஆண்டில், இசைவல்ல பெண்களை ஒன்று திரட்டிச் சந்நிதியின் பின்புறத்தில் தனி ஆராதனை நடத்தத் தொடங்கினார். மக்கள் அதனைப் பெண்கள் கட்சி என்று அழைத்தனர். சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பாடகியர் வந்து கலந்துகொண்டனர். முன்புறத்தில் ஆடவர் பாடிக்கொண்டிருக்க, பின்புறத்தில் மகளிர் பாடினர். நடுவே வீற்றிருந்த மகானுக்கு முன்புறம், பின்புறம் என்னும் வேறுபாடு உண்டோ? இரு புறத்தினின்றும் எழுந்த ஒலி ஒரே மூர்த்தியைச் சென்று சேர்ந்தது. இவ்வாறு ஆண்டுதோறும் விடாது பாடிய பெண்களின் பொறுமை, எவ்வித வாதத்தினும் வலியதாயிற்று. ஆடவருக்குக் குறையாத இசைத்தேர்ச்சியும் பக்தியும் அவர்களிடம் இருப்பதை ஆண்டுதோறும் ஊரார் செவியாரக் கேட்டனர்.

மூன்று ஓடைகள் ஓராறாயின

பிரிவுகளை ஒன்றுபடுத்தும் முயற்சிகள் நெடுநாள் தொடர்ந்தன. ஆட்சிப்பணி அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, இசைமேதை முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலானோரின் நன்முயற்சியால் 1940ஆம் ஆண்டில் பெரிய கட்சி, சின்னக் கட்சி, பெண்கள் கட்சி ஆகிய மூன்றும் இணைந்தன. தியாகப்பிரம்ம மகோற்சவ சபை என்னும் பெயரில் ஒரே அமைப்பு ஏற்பட்டது. ஆடவரும் மகளிரும் ஒரே ஆராதனையில் பாடும் நிலை உருவாயிற்று. சுமார் 13 ஆண்டுகள் பின்புறத்தில் ஒலித்த குரல், முன்புறத்திற்கு வந்தது.

ஒற்றுமை ஏற்பட்டதும், அதற்குத் தகுந்த வழிபாட்டு முறை ஒன்றும் தேவைப்பட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே பாடினால், யார் முந்தி, யார் பிந்தி என்னும் போட்டி மீண்டும் எழும். ஆகவே, சுவாமிகளின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் ஒருங்கே அமர்ந்து பாடும் வழக்கம் 1940களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து கன ராகங்களில் அமைந்தவை அக்கீர்த்தனைகள். முதற்கீர்த்தனை வடமொழியிலும் ஏனைய நான்கும் தெலுங்கிலும் உள்ளன. சுரமும் சாகித்தியமும் அடுத்தடுத்து வருமாறு சுவாமிகளே கட்டி வைத்திருப்பதால், பாடுபவர் தம் கற்பனையைப் புகுத்த வேண்டிய தேவை அவற்றில் இல்லை. பெரிய வித்துவானும் நேற்றுக் கற்ற மாணவியும் ஒரே சுரத்தைத்தான் பாட வேண்டும். எனவேதான் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாய் ஒலிப்பது இயல்கின்றது.

இதில் ஆழ்ந்ததொரு உண்மை அடங்கியுள்ளது. தனிக்கச்சேரியில் வித்துவானின் திறமை வெளிப்படுகின்றது, கேட்போர் பாராட்டுகின்றனர். கூட்டுப் பாடலில் பாராட்டப்படுவோர் எவருமில்லை. அங்கே கேட்போரும் பாடுவோரும் ஒருவரே. மூச்சு வாங்குமிடத்தில் ஒருவர் நிறுத்தினாலும், அருகிருப்பவர் தொடர்வதால் நாதம் அறுவதில்லை. குரல் நலிந்த முதியவரையும் கூட்டம் தாங்கிச் செல்கின்றது. ஒருவருடைய குறையை மற்றவர் நிறைவு மறைத்துவிடுகின்றது. சத்சங்கம் எனப் பெரியோர் கூறுவதன் பயனும் இதுவேயன்றோ! தனியொருவர் பக்தி தளரும் நேரத்தில், கூட்டத்தின் பக்தி அவரைக் கரை சேர்க்கின்றது. இப்பயன் எல்லோர்க்கும் உரியதாயின், வாயிலில் ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவர் மட்டும் பாடுவது எங்ஙனம் முழுமையாகும்? அம்மையாரின் நீண்ட தவம் எழுப்பிய வினா இதுவேயாகும்.

இறுதிக்காலம்

முதுமையில் அம்மையார் சென்னை வாழ்வைத் துறந்து, திருவையாற்றிலேயே தங்கினார். பட்டும் நகையும் அணிந்து மேடையில் வீற்றிருந்தவர், மகானின் சந்நிதியைத் தூய்மை செய்வதையும் பூசைக்கு வேண்டியவற்றைக் கவனிப்பதையுமே பெரும்பேறாகக் கொண்டு வாழ்ந்தார். தம் சொத்துகளை அறக்கட்டளையாக்கி, மகானின் திருப்பணிக்கென உயில் எழுதி வைத்தார். அச்சந்நிதியில் பெண்கள் வழிபடவும் பாடவும் என்றும் தடையிருத்தல் கூடாது என்னும் கருத்து அவர்தம் ஏற்பாட்டில் இடம்பெற்றது. தமக்குக் கிடைத்த உரிமை தம்மோடு முடிந்துவிடாமல் வருங்காலப் பெண்களுக்கும் நிலைக்க வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம்.

1952ஆம் ஆண்டு மே திங்கள் 19ஆம் நாள் அம்மையார் இறையடி எய்தினார். சுவாமிகளின் சந்நிதிக்கு எதிரிலேயே அவருக்கு நினைவிடம் அமைந்தது. அங்கே அவர்தம் சிலை மகானை நோக்கியவாறு அமர்ந்துள்ளது. பின்புறத்திலிருந்து பாடியவருக்கு நேர் எதிரே அமரும் பேற்றினை மகான் அளித்தார் என்றே அன்பர்கள் கருதுகின்றனர்.

இன்றும் ஒலிக்கும் நாதம்

ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் ஆடவரும் மகளிரும் வரிசை வரிசையாய் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எனப் பல மொழி பேசுவோரும் அங்கே ஒரே சுருதியில் இணைகின்றனர். வானொலியும் தொலைக்காட்சியும் அந்நிகழ்ச்சியை உலகிற்கு எடுத்துச் சென்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தியாகராஜ ஆராதனை நடைபெறுகின்றது. சிறுவர் சிறுமியர் பெரியோருடன் அமர்ந்து பாடுகின்றனர். அவ்வாறு பாடும் சிறுமியருள் பலர், தம்மைப் போன்றோர் அச்சந்நிதியில் வாய் திறக்க இயலாதிருந்த காலமொன்று இருந்ததை அறியார். அறியாதிருக்கும் அளவிற்கு அது இயல்பாகிவிட்டமையே அம்மையாரின் வெற்றி எனலாம்.

திருவிழாக் காலங்களில் திருமுறை ஓதும்போதும், திருப்புகழ் பாடும்போதும், பசனையில் கலந்துகொள்ளும்போதும், குரல் வளம் இல்லையென்று ஒதுங்கி நிற்போர் உண்டு. பாடத் தெரியாதவர் என்று பிறரை ஒதுக்குவோரும் உண்டு. இவ்விருசாராரும் நாகரத்தினம்மாள் வரலாற்றை நினைவிற் கொள்ளல் நலம். இறைவன் சந்நிதியில் ஒருவரையும் ஒதுக்காமல், எல்லோரையும் அருகழைத்து, ஒரே சுருதியில் பாடும் கூட்டமே அடியார் திருக்கூட்டமாகும். அத்தகைய கூட்டங்கள் கோயில்தோறும் பெருகுவனவாக! இறைவன் திருவருள் அனைவருக்கும் கூடுவதாக!